மடியில் உட்கார வைக்காதீர்கள், பக்கத்தில் நாற்காலி போடுங்கள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் இருபது வருடமாகக் கற்பனை உருவங்கள் வரைகிற ஓவியர். பறவைத் தலை கொண்ட மனிதர்கள், வயிற்றுக்குள் வீடு வைத்திருக்கும் பெண்கள், தன் நிழலைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும் கிழவர்கள். அவருடைய பதின்மூன்று வயது மகளும் நோட்டு நோட்டாக இதே மாதிரி உருவங்களை வரைந்து தள்ளுகிறாள். ஒரு கேலரிக்காரர் இரண்டையும் பார்த்துவிட்டு, "அப்பா, பொண்ணு ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கண்காட்சி போடலாமே" என்றிருக்கிறார். போடலாமா, போட்டால் எப்படி மாட்டுவது, வருகிறவர்கள் ஒப்பிட்டுப் பேசுவார்களே, அவள் படங்களை விற்கலாமா என்று கேட்கிறார்.

தாராளமாகப் போடலாம். ஆனால் கேலரிக்காரர் கேட்டது உங்களிடம். அவளிடம் யாராவது கேட்டார்களா? நீங்கள் எழுதியதில் அந்த வரி மட்டும் இல்லை. "உன் படத்தையும் மாட்டப் போறோம்" என்று சந்தோஷமாகச் செய்தி சொல்வது வேறு, "மாட்டலாமா, எதையெல்லாம் மாட்டலாம்?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருப்பது வேறு. இரண்டாவதைச் செய்யுங்கள். பதின்மூன்று வயதில் நோட்டுப் புத்தகம் பாதி டைரி. அதில் எந்தப் பக்கம் வெளியே வரலாம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

நானும் வரைகிறவள்தான். ஆனால் என் படங்களை மாட்டியதைவிட மற்றவர்கள் படங்களை மாட்டிக் கொடுத்தது அதிகம். அப்படி ஒரு தந்தை, மகன் கண்காட்சியில் நானே ஒரு தப்பு செய்தேன். பையனுடைய ஒவ்வொரு படத்துக்குக் கீழும் தலைப்பு, ஊடகம், ஆண்டு, அப்புறம் "வயது 11" என்று லேபிள் அடித்து ஒட்டினேன். வந்தவர்கள் படத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே குனிந்து லேபிளைப் படித்தார்கள். படித்தவுடன் முகம் மாறும். "பதினொண்ணா!" அதற்கு மேல் யாரும் படத்தைப் பார்க்கவில்லை, வயதைத்தான் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அந்தப் பையன் என்னிடம் வந்து, "அப்பா படத்துல அவரு வயசு போடலையே ஆன்ட்டி" என்றான். அன்று சாயங்காலமே எல்லா லேபிளையும் மாற்றி அச்சடித்தோம்.

அந்தப் பையன் கேட்டதுதான் உங்கள் கேள்விக்கு என் பதிலும். அவையத்து முந்தி இருக்கச் செய்வதே தந்தை பிள்ளைக்குச் செய்யும் நன்றி என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். சரி, ஆனால் தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டால் அவை மடியைத்தான் பார்க்கும். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுங்கள். லேபிள், சட்டகம், விளக்கு, விலைப்பட்டியல், அழைப்பிதழில் பெயரின் எழுத்தளவு என்று எல்லாவற்றிலும் இரண்டு ஓவியர்கள் இருக்கட்டும். உறவு ஒன்றே ஒன்று, நுழைவாயில் குறிப்பில் ஒரு வரியாக வந்தால் போதும்.

சின்னவர்கள் வரைந்ததைக் கேலரிச் சுவரில் மாட்டுவது புதிய காரியம் இல்லை. 1912-இல் நியூயார்க்கில் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் தன்னுடைய '291' என்ற கேலரியில் குழந்தைகள் வரைந்த படங்களை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தினார். அதே ஆண்டு மியூனிக்கில் ஓவியர்கள் காண்டின்ஸ்கியும் ஃபிரான்ஸ் மார்க்கும் வெளியிட்ட 'நீலக் குதிரைவீரன்' தொகுப்பில், பெரிய பெயர்களின் ஓவியங்களுக்கு நடுவே குழந்தைகளின் படங்களும் அச்சாயின. ஓவியர் பால் க்ளே 1911-இல் தன் படைப்புகளுக்குப் பட்டியல் போட உட்கார்ந்தபோது சிறுவயதில் வரைந்த சிலவற்றையும் அதில் சேர்த்துக்கொண்டார். பிறகு தன் மகன் ஃபீலிக்ஸின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு 1916-இல் கைப்பொம்மைகள் செய்ய ஆரம்பித்து, 1925 வரைக்கும் சுமார் ஐம்பது செய்தார். எலும்பு, தீப்பெட்டி, மின்சார சாக்கெட் என்று கையில் கிடைத்ததெல்லாம் முகமானது. தகப்பனும் பிள்ளையும் கற்பனை உருவங்களால் பேசிக்கொண்டதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அதுதான். அவை கண்காட்சிக்காகச் செய்யப்பட்டவை இல்லை, விளையாடச் செய்தவை. அவற்றில் சில பிற்பாடு அழிந்தும் போயின. மிஞ்சிய முப்பதும் இன்று பெர்ன் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆனால் இந்த உதாரணங்களை அப்படியே உங்கள் மகளுக்குப் பொருத்தாதீர்கள். அவள் இப்போது குழந்தை இல்லை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மூன்று, நான்கு வயதில் பிள்ளைகள் வரையும் முதல் மனிதன் ஒரு தலைப்பிரட்டை: ஒரு வட்டம், அதிலிருந்தே நேராக இரண்டு கால். உடம்பு கிடையாது. அதற்குப் பிறகு சில வருடம் கண்ணால் பார்ப்பதை வரைய மாட்டார்கள், தெரிந்ததை வரைவார்கள். வீட்டுச் சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே கட்டில் தெரியும். அம்மா வயிற்றில் தம்பி தெரிவான். பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் ழார்ழ் ஹென்ரி லுக்கே 1927-இல் வந்த தன் புத்தகத்தில் இதற்கு 'அறிவு வழி யதார்த்தம்' என்று பெயர் வைத்தார். ஒன்பது, பத்து வயதைத் தாண்டும்போது இது முடிகிறது. "கை கை மாதிரியே இல்ல" என்ற கோபம் வருகிறது. அழிப்பான் அதிகம் தேய்கிறது. நிறையப் பேர் அந்த இடத்தில்தான் வரைவதையே விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் மகள் விடவில்லை. கை கையாக வரவேண்டும் என்ற ஆசை வந்த பிறகும், எட்டு விரல் கை வரைகிறாள். ஐந்து வயதில் எட்டு விரல் வந்தால் எண்ணிக்கை தவறிவிட்டது என்று அர்த்தம். பதின்மூன்றில் வந்தால் அவள் எட்டு என்று முடிவு செய்திருக்கிறாள். அந்த முடிவு எந்தப் படங்களில் தெரிகிறதோ, அவைதான் சுவருக்குப் போக வேண்டியவை. "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு" என்று பாட்டி எடுத்து வைத்த ஆறு வயசுப் படங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். அவற்றைக் கலந்தால் அவள் இன்று செய்வதும் 'வளர்ச்சிப் படிகள்' ஆகிவிடும்.

இனி உங்கள் இருவர் படங்களையும் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு இடத்தைப் பாருங்கள். பறவைத் தலை மனிதக் கழுத்தோடு சேரும் இடம். நீங்கள் உடற்கூறு படித்து வந்தவர், அந்த ஒட்டை மறைப்பீர்கள். காதுக்குப் பின்னால் இருந்து காறை எலும்புக்கு இறங்கும் தசை எங்கே ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும், அதன் மேலேயே இறகுகளைப் படிப்படியாகச் சன்னமாக்கித் தோலில் கரைத்துவிடுவீர்கள். யாளியைச் செதுக்கிய சிற்பி சிங்க முகத்தையும் தும்பிக்கையையும் பிடரிச் சுருளுக்குள் இணைத்தானே, அந்த வேலை. பார்க்கிறவர் 'இப்படி ஒரு பிராணி இருக்கக்கூடும்' என்று ஒரு நொடி நம்ப வேண்டும். அவள் பெரும்பாலும் ஒட்டை மறைத்திருக்க மாட்டாள். ஒரு கோடு போட்டிருப்பாள், அல்லது ஒரு மஃப்ளரைச் சுற்றியிருப்பாள், அல்லது தையல் போட்டு, அந்தத் தையலையே படத்தின் மையமாக்கியிருப்பாள். அவளுடைய பறவை மனிதன் தலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத் தூங்கக்கூடியவன். உங்களுடையவன் அப்படிச் செய்தால் செத்துப்போவான்.

நான் இந்தக் கண்காட்சிக்கு வந்தால் இதைத்தான் பார்க்க விரும்புவேன். ஒரே வீட்டில், ஒரே மேஜையில், கற்பனை உருவம் என்ற ஒரே வேலை இரண்டு வேறு வழியில் நடக்கிறது. யார் நன்றாக வரைகிறார்கள் என்ற பேச்சே அங்கே எழாது.

ஒப்பிடுவார்களே என்று பயப்படுகிறீர்கள். கண்டிப்பாக ஒப்பிடுவார்கள். ஒரே ஆள் வரைந்த இரண்டு படங்களை மாட்டினாலே ஒப்பிடுவார்கள். பயப்பட வேண்டியது இரண்டும் ஒன்றுபோல இருந்துவிடுமோ என்பதற்குத்தான். 1886-இல் பாரிஸில் நடந்த எட்டாவது, கடைசி இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் கமில் பிசாரோ, அவர் மகன் லூசியன், சூரா, சின்யாக் நான்கு பேரும் ஒரு தனி அறையில் தங்கள் படங்களை வைத்தார்கள். நால்வரும் அப்போது புள்ளி வைத்து வரையும் புதிய முறையில் இறங்கியிருந்தார்கள். எது யாருடையது என்று வந்தவர்களில் பலருக்குக் குழப்பம். லூசியன் பிற்பாடு இங்கிலாந்துக்குப் போய் மரச்செதுக்கு அச்சு, புத்தக வடிவமைப்பு என்று இறங்கி, 1894-இல் சொந்தமாக எரன்யி அச்சகம் தொடங்கினார். அவருடைய தனிக் கை துலங்கியது அந்தப் பக்கம் போன பிறகுதான் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்க ஓவியர்களான வைத் குடும்பத்தில் ஊடகமே வேலி போட்டது. தாத்தா என். சி. வைத் பெரிய தைல வண்ண விளக்கப்படங்கள் வரைந்தவர். மகன் ஆண்ட்ரூ நீர்வண்ணத்துக்கும், முட்டை மஞ்சள் கருவில் நிறத்தூள் குழைக்கும் டெம்பராவுக்கும் போனார். பேரன் ஜேமி மறுபடியும் தைலத்துக்கு வந்தார், ஆனால் அதற்குக் கைபிடித்துவிட்டவர் அப்பா இல்லை, அத்தை கரோலின். 1987-இல் மூன்று தலைமுறையின் படங்களும் சேர்ந்து லெனின்கிராடில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பயணம் போனபோது ஒருவர் சுவர் இன்னொருவருடையதோடு குழம்பவில்லை. சில நேரம் வீட்டுக்குள் அத்தை ஒருத்தி இருப்பது நல்லது.

உங்கள் விஷயத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இருவரின் படங்களிலும் பத்துப் பத்து எடுத்து, ஒரே அளவில் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்து, கலைத்துப்போட்டு, உங்கள் குடும்பத்தைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து இரண்டு கட்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் பிரித்துவிட்டால் கேலரிக்காரருக்குச் சரி சொல்லிவிடுங்கள். அவர் திணறினால் இரண்டு வருடம் தள்ளிப்போடுங்கள். அந்த இரண்டு வருடம் அவள் வரைவதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் நல்லது. கஷ்டம்தான்.

இனி மாட்டும் வேலை. இடது சுவர் அப்பா, வலது சுவர் மகள் என்று பிரிக்காதீர்கள், அது கல்யாண வீடு மாதிரி இருக்கும். அதற்காக ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஜோடி தேடவும் வேண்டாம். ஜோடி ஜோடியாக மாட்டினால் வந்தவர்கள் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் சொன்ன அந்தக் கழுத்துப் பகுதி மாதிரி இரண்டு, மூன்று இடத்தில் மட்டும் நெருக்கமாக வையுங்கள். மற்றபடி அவரவர் படங்கள் அவரவர் கூட்டமாக மூச்சு விடட்டும்.

அளவு ஒரு பெரிய சிக்கல். உங்களுடையது ஆளுயரக் கேன்வாஸ், அவளுடையது நோட்டுத் தாள். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தால் அவள் படம் உங்கள் படத்தின் அடிக்குறிப்பு மாதிரி ஆகிவிடும். சிலர் இதைச் சரிக்கட்ட, சின்னப் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக அச்சடித்து மாட்டுகிறார்கள். செய்யாதீர்கள், பேனாவின் அழுத்தம் அதில் செத்துவிடும். ஒன்பது தாள்களை மூன்றுக்கு மூன்றாக ஒரு கட்டமாக்கலாம். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு: நல்ல அகலமான ஒரு சுவரை முழுக்கக் காலியாக விட்டு, நடுவில் அவளுடைய உள்ளங்கை அகலப் படம் ஒன்றை மட்டும் மாட்டுவது. வந்தவர்கள் தூரத்தில் நின்று 'அங்கே என்ன?' என்று யோசித்து நடந்து போய்ப் பார்ப்பார்கள். ஆளுயரக் கேன்வாஸுக்கு யாரும் அப்படி நடப்பதில்லை.

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும், பொதுவாகக் கேலரிகள் கடைப்பிடிக்கும் கண்மட்டம் அதுதான். இருவருக்கும் அதே கோடு. அவள் படங்களைத் தாழ்த்தி மாட்டினால் அந்த ஒரு காரியமே அவளைச் சின்னப் பெண்ணாக்கிவிடும். சட்டகமும் ஒரே மரம், ஒரே நிறம். மஞ்சள், சிவப்பு என்று 'குதூகலமான' சட்டகம் யாராவது சிபாரிசு செய்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

தாளுக்குச் சில தனிக் கவனங்கள் உண்டு. ஸ்கெட்ச் பேனா, ஜெல் பேனா மைகளில் பல வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். அருங்காட்சியகங்கள் தாளில் உள்ள படைப்புகளுக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் தருகின்றன, தைல ஓவியத்துக்கு 200 வரை போகும். அதனால் ஜன்னல் எதிரே உள்ள சுவர் உங்களுக்கு, உள்சுவர் அவளுக்கு. மவுண்ட் அட்டை அமிலமில்லாததாக இருக்க வேண்டும், செல்லோடேப் கிட்டவே வரக்கூடாது. நோட்டிலிருந்து தாளைக் கிழிக்காதீர்கள். நோட்டையே கண்ணாடிப் பெட்டிக்குள் திறந்து வைத்து, தினமும் ஒரு பக்கம் திருப்புங்கள். எந்தப் பக்கம் என்று அவளே முதல் நாள் சீட்டு வைத்துவிடட்டும்.

தலைப்புகளில் கை வைக்காதீர்கள். அவள் 'சித்தப்பா மாதிரி ஒருத்தர்' என்று பெயர் வைத்திருந்தால் அதுவே லேபிளில் வரட்டும். நீங்கள் அதை 'சிறகுகளின் மௌனம்' ஆக்கிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் தலைமுறைக்கே அந்த வியாதி உண்டு. இன்னொன்று: உங்கள் படங்களில் எவை வர வேண்டும் என்று அவளையும் இரண்டு தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் மறந்துபோன ஒன்றை எடுத்துக்கொண்டு வருவாள்.

சேர்ந்து ஒரு படம் வரைந்து நடுவில் வைக்கலாமே என்று கேலரிக்காரர் சொல்வார். எல்லோரும் சொல்வார்கள். ஒன்று போதும், அதுவும் விளையாட்டாக இருந்தால் மட்டும். 1925 வாக்கில் பாரிஸ் சர்ரியலிஸ்டுகள் 'அழகிய பிணம்' என்று ஒரு விளையாட்டு விளையாடினார்கள். தாளை மடித்து ஒருவர் தலை வரைவார், கோட்டின் நுனி மட்டும் மடிப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்தவர் மேலே என்ன இருக்கிறது என்று தெரியாமலே உடம்பு வரைவார், மூன்றாமவர் கால். பிரித்தால் யாருமே யோசிக்காத ஒரு உருவம். நீங்கள் இருவரும் பழகிய கை என்பதால் இது நன்றாக வரும், இரண்டு கையும் சேரும் ஒட்டு அந்த மடிப்பிலேயே கண்ணுக்குத் தெரியும். பின்பக்கம் யார் எந்தப் பகுதி, எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதி வையுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இத்தாலிய ஓவியர் ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி 1610-இல், பதினேழு வயதில், 'சூசன்னாவும் முதியோரும்' ஓவியத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். தகப்பன் ஒராட்ஸியோவின் கை அதில் எவ்வளவு என்று அறிஞர்கள் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நானூறு வருடம் தாண்டிவிட்டது. அதனால் அவள் படத்தில் ஒரே ஒரு நிழலை நீங்கள் 'சும்மா திருத்தி'க் கொடுத்திருந்தாலும் அந்தப் படத்தை எடுக்காதீர்கள். திறப்பு நாளில் "அப்பா ஹெல்ப் பண்ணாரா?" என்று அவளிடம் ஒருவராவது கேட்பார். அவள் "இல்லை" என்று சொல்லும்போது அது முழு இல்லையாக இருக்க வேண்டும்.

விற்பனையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பதிப்புரிமை வரைந்தவருடையது, வயது அதற்குக் குறுக்கே வராது. ஒப்பந்தத்தில் மட்டும் பெற்றோர் கையெழுத்துப் போடுகிறோம். படம் விற்றாலும் பதிப்புரிமை தானாக வாங்கியவருக்குப் போய்விடாது. விற்கிறாளா இல்லையா என்பது அவள் முடிவு, பெரும்பாலான பிள்ளைகள் மூலத்தைக் கொடுக்க முதலில் சம்மதித்துவிட்டுப் பிறகு அழுகிறார்கள். அதனால் முதல் கண்காட்சியில் அவள் படங்கள் 'விற்பனைக்கல்ல' என்று இருப்பது நல்லது, விற்பதாக இருந்தால் நல்ல ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு விற்கலாம். பணம் அவள் கணக்குக்குப் போகட்டும். அவளுடையது எல்லாம் விற்று உங்களுடையது ஒன்றும் விற்காமல் போகவும் வாய்ப்பு உண்டு. மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள், நான் பார்த்திருக்கிறேன்.

பெயர் பற்றியும் கேளுங்கள். சூசன் வாலதோன் மனித உருவங்களை வரைந்தவர், அவர் மகன் உட்ரில்லோ தெருக்களை வரைந்தவர். மகன் தன் கையெழுத்துக்குப் பின்னால் அம்மாவின் 'வி' எழுத்தைச் சேர்த்துப் போட்டார். அது அவராகப் போட்டுக்கொண்டது. உங்கள் மகள் இனிஷியல் போடாமல் வெறும் பெயரைப் போட்டால் வருத்தப்படாதீர்கள்.

கடைசியாக ஒன்று. என் மகனுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சின்னக் கண்காட்சி வைத்தோம். இரண்டாம் நாள் காலையில் அவன், "அம்மா, அந்த மரத்து ஆள் படத்த எடுத்துடலாமா?" என்றான். காரணம் சொல்லவில்லை. நல்ல படம், எல்லோரும் நின்று பார்த்த படம். கேலரிக்காரர் முணுமுணுத்தார், பட்டியலில் அச்சாகிவிட்டது என்றார். நான் ஸ்டூலில் ஏறிக் கழற்றினேன். மாற்றி மாட்ட ஒன்றும் இல்லை. மிச்ச நாள் முழுக்க ஆணியும் லேபிளும் விளக்கு வெளிச்சமும் மட்டும் அங்கே இருந்தன. யாராவது கேட்டால் அவனே போய்ப் பதில் சொன்னான்: "அவரு வீட்டுக்குப் போயிட்டாரு."